நிற்கத் தெரிந்தவர்களின் வீரம்



திண்டுக்கல்லைச் சுற்றி இன்று எந்தத் திசையில் புறப்பட்டாலும் நல்ல சாலைதான். வேடசந்தூர் வழியாகக் கரூருக்கும், கொடைரோடு வழியாக மதுரைக்கும் நான்குவழிச் சாலை போகிறது. கிழக்கே திருச்சி, மேற்கே ஒட்டன்சத்திரம், பழனி என்று மற்ற சாலைகளும் அகலமாகிவிட்டன. ஒரு பக்கம் சிறுமலையும் மறு பக்கம் பழனி மலையும் நிற்க, நடுவிலுள்ள சமவெளியில் சாலை நேராக ஓடுகிறது. நேரான சாலையைக் கண்டால் இளைஞர்களின் கை சும்மா இருப்பதில்லை. மாலை நேரத்தில் பைபாஸ் ஓரமாகச் சிறிது நேரம் நின்று பாருங்கள். இரண்டு, மூன்று பைக்குகள் காதைப் பிளக்கும் சத்தத்தோடு ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கும். கேட்டால், "சும்மா ஒரு ரேஸ்" என்பார்கள்.

அந்த "சும்மா" எத்தனை வீடுகளைக் கண்ணீரில் ஆழ்த்தியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். சாலை விபத்தில் இறந்த ஓர் இளைஞரின் அடக்கத் திருப்பலிக்குப் போகாதவர்கள் நம் பங்குகளில் குறைவு. ஆனால் இதைப் பற்றி இளையோரிடம் பேசும்போது நாம் ஒரு தவறு செய்கிறோம். பந்தயம் என்றாலே வெறி என்று சொல்லிவிடுகிறோம். அவர்கள் அதை ஏற்பதில்லை. பந்தயத்தில் வீரம் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. எனவே கார், பைக் பந்தய வீரர்களின் உண்மைக் கதைகளையே எடுத்துக்கொள்வோம். அந்த உலகத்தில் எந்தச் செயல்கள் ஐம்பது ஆண்டு கழித்தும் மரியாதையோடு பேசப்படுகின்றன என்று தேடிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அவற்றுள் பல, வேகமாக ஓட்டியவர்களின் கதைகள் அல்ல. ஓட்டத்தை நடுவில் நிறுத்தியவர்களின் கதைகள்.

நம் இளைஞர்களுக்கு நன்கு தெரிந்தவரிடமிருந்து தொடங்குவோம். நடிகர் அஜித்குமார் பொழுதுபோக்குக்காகக் கார் ஓட்டுபவர் அல்லர். 2004இல் பிரிட்டனில் ஃபார்முலா 3, 2010இல் ஐரோப்பாவில் ஃபார்முலா 2 என்று முறையான பந்தயங்களில் ஓட்டியவர். விபத்துகளால் உடலில் பல அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டவர். 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்துக்குத் தம் பெயரிலேயே ஓர் அணியைக் கொண்டுபோனார். இந்தப் பந்தயத்தில் ஒரே காரை ஓர் இரவும் பகலும் மூன்று, நான்கு பேர் மாறி மாறி ஓட்ட வேண்டும். பந்தயத்துக்குச் சில நாட்கள் முன்பு, பயிற்சியின்போது அவர் ஓட்டிய கார் தடுப்பில் மோதிச் சுழன்று நின்றது. காயமின்றித் தப்பினார். அந்தக் காட்சி நம் எல்லார் கைப்பேசிக்கும் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பகிர்ந்தவர்கள் குறைவு. தம் சொந்த அணியின் காரை ஓட்டுவதிலிருந்து அவர் விலகிக்கொண்டார். அவ்வளவு நீண்ட பந்தயத்தில், விபத்துக்குப் பிறகு தாம் ஓட்டுவது தமக்கும் அணிக்கும் நல்லதல்ல என்று முடிவானது. அணியின் உரிமையாளராக ஓரத்தில் நின்றார். வேறொரு பிரிவில் இன்னொரு காரை மட்டும் ஓட்டினார். அவர் இறங்கிக்கொண்ட அந்தக் கார் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, தம் பெயர் எழுதிய காரிலிருந்து இறங்குவதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும்! அந்த நாட்களில் துபாயில் அளித்த பேட்டியில், தம்மையும் மற்ற நடிகர்களையும் வாழ்த்திக்கொண்டே இருக்காமல் தங்கள் வாழ்க்கையைப் பாருங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். மோதலின் காட்சியைப் பார்த்த அளவுக்கு இதையும் நம் பிள்ளைகள் பார்த்திருக்க வேண்டும்.

தமிழகத்தில் கார் பந்தயம் நேற்று வந்ததல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் 1950களிலேயே பந்தயங்கள் நடந்தன. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. நம் பங்குகளில் உள்ள பெரியவர்கள் சிலர் வாலிபத்தில் சோழவரம் போய் வந்த கதையை இன்றும் சொல்வார்கள். 1990 முதல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தர ஓடுதளம் செயல்படத் தொடங்கியது.

சோழவரத்தில் பெயர் பெற்றவர்களுள் ஒருவர் கோவையைச் சேர்ந்த சுந்தரம் கரிவர்தன். வசதியான குடும்பத்தில் பிறந்தவர். வெளிநாட்டிலிருந்து கார் இறக்கி, தாமே ஓட்டி, தாமே கோப்பை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் அதோடு நிற்கவில்லை. 1980களின் இறுதியில், எல்லாரும் அறிந்த மாருதி 800 காரின் சிறிய எஞ்சினைப் பயன்படுத்தி, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரைக் கோவையிலேயே வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். அதுவரை பெரும் செல்வந்தர்களுக்கு மட்டுமே எட்டிய விளையாட்டு, மற்ற இளைஞர்களுக்கும் கொஞ்சம் அருகில் வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எட்டியது என்று சொல்ல மாட்டேன். இன்றும் அது எட்டவில்லை. ஆனாலும் தாம் வெல்வதைவிடப் பிறர் ஓட்டுவதற்கு வழி செய்வதில் அவர் காட்டிய அக்கறை பெரியது. 1995இல் ஒரு சிறிய விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். கோவை அருகே செட்டிப்பாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்குகிறது.

அவர் உருவாக்கிய அந்தச் சிறிய காரில் முதல் பந்தயத்தை ஓட்டிய கோவை இளைஞர்தான் நரேன் கார்த்திகேயன். 2005 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவில் நான்காம் இடம் பெற்றார். உண்மையைச் சொல்வதானால், அன்று டயர் பிரச்சினையால் பெரும்பாலான அணிகள் விலகிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டுமே ஓடின. அந்த விலகலும் கவனிக்கத் தக்கது. டயர் வெடிக்கக்கூடும் என்று தெரிந்தபோது, ஆயிரக்கணக்கான பார்வையாளர்களின் கூச்சலையும் பொருட்படுத்தாமல், 14 கார்கள் தொடக்கச் சுற்று முடிந்ததும் உள்ளே திரும்பின.

இருங்காட்டுக்கோட்டைக்கு வருவோம். 2023 ஜனவரி 8 அன்று தேசிய சாம்பியன் போட்டியின் ஒரு பந்தயத்தில், கே. இ. குமார் என்ற மூத்த வீரரின் கார் மற்றொரு காரோடு உரசித் தடம் மாறிப் பக்கத்து வேலியில் மோதியது. அவருக்கு வயது 59. உடனே சிவப்புக் கொடி காட்டிப் பந்தயம் நிறுத்தப்பட்டது. அவரை வெளியே எடுத்து, தளத்திலுள்ள மருத்துவ மையத்தில் பார்த்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆனாலும் உயிர் பிழைக்கவில்லை. அன்று மீதமிருந்த பந்தயங்கள் அனைத்தும் நீக்கப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில், அதே தளத்தில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் பைக் பந்தயத்தில் விழுந்து இறந்தான். அப்போதும் எஞ்சிய போட்டிகள் நிறுத்தப்பட்டன. பதின்மூன்று வயதில் அந்த வேகம் தேவையா என்ற கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. என்னைக் கேட்டால் தேவையில்லை என்பேன். பயிற்சியும் பாதுகாப்பு உடையும் இருந்த இடத்திலேயே இது நடந்தது என்றால், பள்ளிச் சீருடையோடு அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு பைபாஸுக்கு வரும் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு?

இங்கே கொடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்தயத் தளத்தில் ஓட்டுநர்களுக்கு மேலாக ஓர் அதிகாரம் உண்டு. வளைவுக்கு வளைவு கொடியோடு நிற்கும் மார்ஷல்கள்தான் அது. இவர்களுள் பெரும்பாலோர் விருப்பத்தின் பேரில் பணி செய்ய வருபவர்கள். மஞ்சள் கொடி காட்டினால் முன்னால் ஆபத்து என்று பொருள். வேகத்தைக் குறைக்க வேண்டும், யாரும் யாரையும் முந்தக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் பந்தயம் நிறுத்தம். உலகச் சாம்பியனானாலும் சிவப்புக் கொடியைத் தாண்டி ஓட்ட முடியாது. ஒருவர் விழுந்துவிட்டால் மற்ற அனைவரின் வெற்றியும் காத்திருக்க வேண்டும் என்பதே இந்த ஒழுங்கின் உட்பொருள்.

நம் ஊர் ஜல்லிக்கட்டிலும் இந்த ஒழுங்கைக் காணலாம். கொசவபட்டியிலும் புகையிலைப்பட்டியிலும் ஆலயத் திருவிழாவையொட்டி மாடு அவிழ்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். களத்தில் ஒருவன் கீழே விழுந்து காளை திரும்பிவிட்டால், அதுவரை போட்டியாளர்களாக இருந்தவர்கள் ஓடிவருவார்கள். ஒருவன் காளையின் கவனத்தைத் திருப்புவான்; இருவர் விழுந்தவனை இழுத்து அப்பால் போடுவார்கள். பரிசு அப்போது யாருக்கும் நினைவில் இருக்காது.

கார் பந்தயத்தில் இந்த ஒழுங்கு எளிதில் வந்துவிடவில்லை. அதற்கு விலை கொடுக்கப்பட்டது. 1973 ஜூலை 29. நெதர்லாந்தின் கடலோரத்தில் சான்ட்வோர்ட் என்னும் ஊரில் ஃபார்முலா ஒன் பந்தயம். ரோஜர் வில்லியம்சன் என்ற பிரிட்டன் இளைஞர், வயது 25, இந்த வகைப் பந்தயத்தில் இரண்டாவது முறையாக ஓட்டிக்கொண்டிருந்தார். எட்டாவது சுற்றில் அவருடைய கார் தடுப்பில் மோதித் தலைகீழாகக் கவிழ்ந்து, வெகுதூரம் சறுக்கிப்போய்த் தீப்பிடித்தது. அவர் உயிரோடு இருந்தார். ஆனால் காருக்கு அடியில் சிக்கிக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் வந்தவர் டேவிட் பர்லி. அவரும் பிரிட்டன்காரர், முன்பு இராணுவத்தில் பாராசூட் படையில் பணியாற்றியவர். அவர் தம் காரை ஓரத்தில் நிறுத்தினார். மற்ற கார்கள் பறந்துகொண்டிருக்கும் தளத்தைக் குறுக்கே ஓடிக் கடந்தார். எரியும் காரைத் தனி ஆளாகப் புரட்ட முயன்றார், முடியவில்லை. அங்கிருந்த மார்ஷல்களிடம் தீக்காப்பு உடை இல்லை. அவர்களால் நெருங்க முடியவில்லை. பர்லி தீயணைப்புக் கருவியை வாங்கி, அது தீரும்வரை அடித்தார். மறுபடி காரைத் தூக்கப் பார்த்தார். பக்கத்தில் வந்த கார்களை நோக்கிக் கையசைத்து உதவிக்கு அழைத்தார். ஒருவரும் நிற்கவில்லை. பந்தயமும் நிறுத்தப்படவில்லை. கடைசியில் ஒருவர் அவரைத் தோளில் கைவைத்து அழைத்துப்போனார். வில்லியம்சன் மூச்சுத் திணறி இறந்தார். இவ்வளவும் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது.

மற்றவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்வது எளிது, நியாயமல்ல. எரியும் காரின் ஓட்டுநர் பர்லிதான் என்றும், அவர் தப்பித்து வெளியே நிற்கிறார் என்றும் அவர்களில் பலர் நினைத்தார்கள். புகை மூட்டத்தில் ஒரு நொடியில் கடக்கும்போது அப்படித்தான் தெரியும். கடந்துபோகிறவர் எப்போதும் தீயவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. "யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்" என்ற எண்ணமே போதும். நம் நான்குவழிச் சாலையில் விபத்தைக் கடந்துபோகும்போது நமக்கும் அதே எண்ணம்தானே வருகிறது?

பர்லி யாரையும் காப்பாற்றவில்லை. அந்தப் பந்தயத்தை முடிக்கவும் இல்லை. பின்னாளிலும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பெரிய வெற்றிகள் எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் வீரச் செயலுக்காக பிரிட்டன் வழங்கும் ஜார்ஜ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில், மைக் ஹெயில்வுட் என்பவர் தம்மோடு மோதி எரிந்த காரிலிருந்து கிளே ரெகஸோனியை இழுத்து வெளியே கொண்டுவந்தார். தம் உடையில் பற்றிய தீயை அணைத்துக்கொண்டு மீண்டும் தீக்குள் போனார். அவருக்கும் அதே பதக்கம். அன்று சான்ட்வோர்ட்டில் வென்றவர் யார் என்று கேட்டால் பந்தயப் பிரியர்கள்கூடச் சற்று யோசிப்பார்கள். பர்லியின் பெயரை யோசிக்காமல் சொல்வார்கள்.

அன்று பர்லியைக் கடந்து போனவர்களுள் நிக்கி லௌடாவும் ஒருவர். ஆஸ்திரியாக்காரர், பின்னாளில் மூன்று முறை உலகச் சாம்பியனானவர். மூன்று ஆண்டு கழித்து, 1976 ஆகஸ்ட் 1 அன்று, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தளத்தில் அவருடைய காரே தீப்பிடித்தது. ஒரு சுற்று 22 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள மலைத்தளம் அது. உதவி வந்து சேர நேரமாகும். ஆபத்தான இந்தத் தளத்தில் ஓட்ட வேண்டாம் என்று முன்பே வாதாடியவர் லௌடாதான். இந்த முறை பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். கை எட்வர்ட்ஸ், பிரெட் லங்கர், ஹரால்ட் எர்ட்ல், ஆர்துரோ மெர்ஸாரியோ ஆகிய நால்வர். மெர்ஸாரியோ தீக்குள் கைவிட்டு லௌடாவின் இருக்கைப் பட்டையை அவிழ்த்தார். எல்லாருமாக அவரை வெளியே இழுத்தார்கள்.

நுரையீரல் வெந்து, முகம் கருகி மருத்துவமனையில் கிடந்த அவருக்கு ஒரு குரு வந்து நோயில்பூசுதல் வழங்கினார். குரு ஆறுதலாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று லௌடா பின்னாளில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். நம் மருத்துவமனைச் சந்திப்புக் குழுவினர் இதைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது! எப்படியோ அவர் பிழைத்தார். ஆறு வாரத்தில், ஆறாத காயங்களின் மேல் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு இத்தாலியில் மீண்டும் ஓட்டி, நான்காவதாக வந்தார்.

அதைத்தான் எல்லாரும் வீரம் என்கிறார்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் நடந்தது. ஆண்டின் கடைசிப் பந்தயம். புள்ளிகளில் லௌடா முன்னிலையில் இருந்தார். கொட்டும் மழை, எதிரே எதுவும் தெரியாத புகைமூட்டம் போன்ற நீர்த்திவலை. இரண்டு சுற்று முடிந்ததும் அவர் காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தி இறங்கிவிட்டார். இந்த நிலையில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது என்றார். காரில் கோளாறு என்று ஒரு காரணம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஒரே ஒரு புள்ளியில் பட்டம் ஜேம்ஸ் ஹன்ட்டுக்குப் போயிற்று. கோழை என்று எழுதியவர்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டே, 1977இல், லௌடா மறுபடி சாம்பியன் ஆனார். 1984இல் மூன்றாம் முறை. 2019இல், தம் 70ஆம் வயதில் காலமானார்.

இத்தகைய விபத்துகளுக்குப் பிறகுதான் தீக்காப்பு உடையும், பயிற்சி பெற்ற மார்ஷல்களும், பந்தயத்தின் முதல் சுற்றில் பின்தொடர்ந்தே வரும் மருத்துவக் காரும் படிப்படியாக வழக்கத்துக்கு வந்தன. 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரோமன் குரோஷானின் கார் தடுப்பைப் பிளந்து இரண்டாக உடைந்து எரிந்தபோது, மருத்துவக் கார் சில நொடிகளில் வந்து நின்றது. அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகத் தீக்குள் இருந்த அவர் தாமே ஏறி வெளியே வந்தார். மருத்துவர் அவரைத் தாங்கிப் பிடித்தார். அவருடைய தலையைக் காத்தது 2018 முதல் கட்டாயமான வளையம் போன்ற ஒரு கம்பிச் சட்டம். அது வேண்டாம் என்று முதலில் எதிர்த்தவர்களுள் குரோஷானும் ஒருவர். ஹெல்மெட் போட்டால் முடி கொட்டும் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்வது நினைவுக்கு வருகிறது.

இப்போது நம் சாலைக்குத் திரும்புவோம். பந்தயத் தளத்தில் எல்லாக் கார்களும் ஒரே திசையில் ஓடுகின்றன. வளைவுகளுக்கு வெளியே வெற்றிடமும், டயர் அடுக்கிய தடுப்பும் உண்டு. மருத்துவரும் ஆம்புலன்சும் தயாராக இல்லாமல் பந்தயம் தொடங்காது. நம் சாலையில் என்ன இருக்கிறது? ஓரத்தில் புளியமரம். சென்டர் மீடியனில் திடீரென்று ஓர் இடைவெளி. அதிலிருந்து எட்டிப் பார்க்கும் டிராக்டர். எதிர்த்திசையில் வரும் பைக். மேய்ந்து திரும்பும் மாடு. பழனிக்கு நடந்து போகும் பக்தர்கள். சந்தைக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் போய்ச்சேர வேண்டிய லாரிகள்.

பயிற்சி பெற்ற பந்தய வீரர்களையே சாதாரணச் சாலை விட்டுவைக்கவில்லை. தீக்குள் இருமுறை போன அந்த மைக் ஹெயில்வுட், ஒன்பது முறை பைக் பந்தய உலகச் சாம்பியன். 1981 மார்ச்சில் ஒரு மாலை, தம் இரு பிள்ளைகளோடு இரவு உணவு வாங்கக் காரில் போனார். முன்னால் போன லாரி ஒன்று, திரும்பக் கூடாத இடத்தில் மீடியன் இடைவெளி வழியே திரும்பியது. அவருடைய ஒன்பது வயது மகள் அங்கேயே இறந்தாள். இரண்டு நாள் கழித்து அவரும் இறந்தார். சென்னையில் 2017 மார்ச் 18 அன்று, தேசிய அளவில் பெயர் பெற்ற பந்தய வீரர் அஸ்வின் சுந்தரும் அவருடைய மனைவியும், சாந்தோம் நெடுஞ்சாலையில் கார் மரத்தில் மோதித் தீப்பிடித்ததில் உயிரிழந்தார்கள். அது பந்தயத் தளமல்ல. நம்மில் பலர் பேராலயத்துக்குப் போகும் சாலை.

பெற்றோருக்கு ஒரு செய்தி. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் பொறுப்பாவார். 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்குப் பரிசாகப் பைக் சாவியைக் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் பரவிவருவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிற்பதைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும் என்ற பயம் நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. ஒரு காலத்தில் அதற்குக் காரணமும் இருந்தது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் உதவி செய்பவர்களைக் காக்கும் நெறிமுறைகளை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. 2019இன் திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவாக அது சட்டத்திலேயே இடம்பெற்றது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குத் தொடர முடியாது. பெயரையோ முகவரியையோ சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. மருத்துவமனை அவரிடம் பணம் கேட்கவோ, அவரை நிறுத்திவைக்கவோ கூடாது. இந்தச் சட்டம் அவருக்கு வைத்திருக்கும் பெயர் "நல்ல சமாரியர்".

நாட்டின் சட்டப் புத்தகத்தில், எல்லா மதத்தினருக்கும் பொதுவாக, இயேசு சொன்ன உவமையின் பெயர் இருப்பது நமக்கு மகிழ்ச்சிதான். கொஞ்சம் கூச்சமும் வர வேண்டும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் அந்தச் சாலையில் விலகிப் போனவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும்: ஒரு குரு, ஒரு லேவியர். திருப்பலிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே நாம் எத்தனை முறை ஆக்சிலேட்டரை அழுத்தியிருப்போம்! சமாரியர் செய்த முதல் காரியம் தம் பயணத்தை நிறுத்தியதுதான். எண்ணெயும் திராட்சை இரசமும், சத்திரத்துக்குப் பணமும் பிறகுதான் வந்தன.

சத்திரத்துச் செலவுக்கும் இன்று ஓரளவு வழி இருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் தமிழகத்தில் 2008 முதல் ஓடுகிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. தொடங்கியபோது ஒரு இலட்சம் ரூபாய் வரை என்று வகுக்கப்பட்டது.

நின்றபின் என்ன செய்வது? இதையும் ஒரு பந்தய வீரரிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். 1992 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஸ்பா தளத்தில், பந்தயத்துக்கு முந்தைய ஓட்டத்தின்போது எரிக் கோமாஸ் என்ற பிரான்சு வீரரின் கார் மோதி நின்றது. அவர் நினைவிழந்துவிட்டார்; ஆனால் கால் ஆக்சிலேட்டரில் இருந்ததால் எஞ்சின் அலறிக்கொண்டிருந்தது. பின்னால் வந்தவர் பிரேசிலின் அயர்டன் சென்னா, அப்போது மூன்று முறை உலகச் சாம்பியன். காரை நிறுத்திவிட்டு, மற்ற கார்கள் வந்துகொண்டிருந்த தளத்தில் ஓடினார். முதலில் எஞ்சினை அணைத்தார், தீப்பிடிக்காதிருக்க. பிறகு கோமாஸை இழுக்கவில்லை, உலுக்கவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை. கழுத்து அசையாதபடி அவருடைய தலையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, மருத்துவர்கள் வரும்வரை அப்படியே இருந்தார். 1994 மே 1 அன்று இத்தாலியின் இமோலாவில் சென்னா மோதியபோது, அதே கோமாஸ் அந்த இடத்தில் காரை நிறுத்தினார். அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. அன்றைய பந்தயத்தில் அவர் அதன்பின் ஓட்டவில்லை.

சென்னா செய்த வரிசையை அப்படியே நம் இளையோர் கூட்டங்களில் செய்து காட்டலாம். அரை மணி நேரம் போதும். வண்டியின் எஞ்சினை அணைக்க வேண்டும். அடிபட்டவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்க வேண்டும். மூச்சுக்குத் தடை இல்லையென்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்த வேண்டும். சோடா, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. தீ அபாயம் இருந்தாலன்றி ஆட்டோவில் மடக்கிப் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. ஒருவர் 108க்குப் பேச வேண்டும்; ஊர்ப் பெயர் தெரியாவிட்டால் சாலையோரக் கல்லிலுள்ள கிலோமீட்டர் எண்ணைச் சொன்னால் போதும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணும் உண்டு. இன்னொருவர், வண்டிகள் வரும் திசையில் நன்றாகப் பின்னால் போய், சாலையின் ஓரத்தில் நின்று, பகலென்றால் தோளிலுள்ள துண்டையும் இரவென்றால் கைப்பேசி வெளிச்சத்தையும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மஞ்சள் கொடிக்காரரின் வேலை அதுதான்.